தலைக்கு மேல் எரிந்தால் போதும்

கொரோனா வந்த வருடம் எங்கள் பக்கம் யூவி பெட்டி, அதாவது புற ஊதாக் கதிரால் கிருமி கொல்லும் பெட்டி, வாங்காத கடைக்காரர்கள் குறைவு. மூடி போட்ட ஒரு பெட்டி, உள்ளே ஊதா வெளிச்சம். ரூபாய் நோட்டு, செல்போன், சாவிக்கொத்து, சில வீடுகளில் கத்தரிக்காய் வரைக்கும் அதற்குள் போய்விட்டு வந்தது. இப்போது அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் பரணில் கிடக்கின்றன, ஒரு வீட்டில் அதற்குள் தையல் நூல்கண்டு போட்டு வைத்திருப்பதை நானே பார்த்தேன். பெட்டி பரணுக்குப் போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அதோடு சேர்ந்து யூவி என்ற பேரே கெட்டுப்போய், "அதெல்லாம் ஏமாத்து வேலைப்பா" என்று ஆகிவிட்டதுதான் வருத்தம்.

நான் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வயரிங் வேலையும் ஏசி வேலையும் பார்க்கிறவன். அதனால் யூவி வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: சாமான் மேல் அடிக்கிற யூவிக்குக் காசு செலவழிக்காதீர்கள், காற்றுக்குப் போடுகிற யூவியைக் கொஞ்சம் யோசியுங்கள். ஏன் என்று ஒவ்வொரு தடவையும் நின்றுகொண்டே விளக்க முடிவதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இது என்ன வெளிச்சம் என்பது. புற ஊதாக் கதிரில் ஏ, பி, சி என்று மூன்று ரகம். வெயிலில் நம் மேல் விழுவது ஏ-யும் கொஞ்சம் பி-யும். சி ரகம் சூரியனிலிருந்து கிளம்பினாலும் மேலே இருக்கும் ஓசோனும் காற்றும் அதை முழுசாக விழுங்கிவிடுவதால் தரைக்கு வருவதே இல்லை. கிருமி கொல்லுவதற்கு விளக்கு போடுகிறோம் என்றால் அது இந்த சி ரகம்தான், 200-லிருந்து 280 நானோமீட்டர் வரை. பழைய ட்யூப் லைட் மாதிரியே இருக்கும் பாதரச விளக்கு 254 நானோமீட்டரில் எரிகிறது. வைரஸின் உள்ளே இருக்கும் மரபுப்பொருள் 260-ஐ ஒட்டிய அலைநீளத்தைத்தான் நன்றாக உறிஞ்சும், 254 அதற்குப் பக்கத்திலேயே இருப்பது நம் அதிர்ஷ்டம். அந்த ஒளி பட்டதும் மரபுச் சரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் அந்த வைரஸால் தன்னைப் பிரதி எடுக்க முடியாது. உடல் அப்படியே இருக்கும், பெருக மட்டும் முடியாது, ஆகவே நோயும் வராது.

இது புதுசும் இல்லை, மர்மமும் இல்லை. உங்கள் வீட்டு ஆர்ஓ மிஷினில் "ஆர்ஓ ப்ளஸ் யூவி" என்று எழுதியிருக்கிறதே, அந்தக் குட்டி ட்யூப் இதே ஜாதிதான். பிரான்சில் மார்செய் நகரத்தில் 1910-லேயே குடிதண்ணீரை இப்படிச் சுத்தம் செய்து பார்த்தார்கள். வெளிச்சத்தில் பாக்டீரியா வளர்வதில்லை என்று டௌன்ஸ், பிளண்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் கண்டு சொன்னது அதற்கும் முன்னால், 1877-ல்.

சரி, அப்படியானால் பெட்டி ஏன் உருப்படவில்லை?

வெளிச்சம் பட்ட இடம்தான் சுத்தமாகும், நிழல் விழுந்த இடத்தில் ஒன்றும் நடக்காது. நோட்டுக்கட்டைப் பெட்டிக்குள் வைத்தால் மேல் நோட்டின் மேல்பக்கம் மட்டும் சுத்தம், நடுவில் இருக்கும் நோட்டுக்கு யூவி என்று ஒன்று இருப்பதே தெரியாது. துணி மடிப்பு, சாவியின் பள்ளம், கத்தரிக்காய்க் காம்பு எல்லாவற்றுக்கும் இதே கதை. அடுத்தது அளவு. எவ்வளவு பலமான வெளிச்சம், எவ்வளவு நேரம், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் கணக்கு. கொரோனா வைரஸ் இந்த ஒளிக்குச் சீக்கிரம் மசிகிற ரகம்தான், சதுர சென்டிமீட்டருக்குச் சில மில்லிஜூல் கிடைத்தாலே பெரும்பகுதி ஒழியும். ஆனால் அந்தச் சில மில்லிஜூலைக் கொடுக்கவேண்டுமே. கையில் பிடித்து விசிறுகிற மாதிரி ஒரு கோல் விற்றார்களே, பேட்டரியில் ஓடுவது, அதை மேசை மேல் ஒரு தடவு தடவினால் அந்த அளவு சேருமா என்று விற்றவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

இதில் போலியும் கலந்தது. ஒரு வாடிக்கையாளர் வீட்டில் "கிருமி நாசினி பல்பு" என்று அட்டையில் எழுதிய ஒன்றை எடுத்துக் காட்டினார்கள், எந்தக் கடை என்று இங்கே வேண்டாம். பார்த்தால் கள்ளநோட்டு பார்க்கிற ஊதா லைட், அதாவது ஏ ரகம், 365-ஐ ஒட்டியது. அதை வைத்துக்கொண்டு நோட்டு நல்லதா என்று பார்க்கலாம், கிருமிக்கு அதனால் உருப்படியாக ஒன்றும் ஆகாது. ஊதாவாகத் தெரிவதெல்லாம் யூவி-சி என்று நினைப்பதுதான் இதில் பெரிய குழப்பம். யூவி-சி கண்ணுக்கே தெரியாது. பாதரச விளக்கில் நாம் பார்க்கும் லேசான நீலம், கூடவே வருகிற உபரி வெளிச்சம்.

எல்லாவற்றுக்கும் மேல், இந்த வைரஸ் சாமான் வழியாகப் பெரிதாகப் பரவவே இல்லை. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது: கிருமி ஒட்டிய ஒரு பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-ல் ஒன்றுக்கும் கீழே. நாம் கத்தரிக்காயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது அது மூச்சுக்காற்றில் மிதந்துகொண்டிருந்தது.

ஆளில்லாத அறையில் அடிப்பது வேறு விஷயம், அதற்குப் பயன் உண்டு. 2020 மே மாதம் மத்திய அரசின் ராணுவ ஆய்வு நிறுவனமான டிஆர்டிஓ ஒரு கோபுரம் மாதிரியான கருவியை வெளியிட்டது, 43 வாட் விளக்கு 6, சுற்றிலும் 360 டிகிரிக்கு அடிக்கும், 12-க்கு 12 அடி அறைக்குப் பத்து நிமிடம், ஆட்களை வெளியேற்றிவிட்டு ரிமோட்டில் போடவேண்டும். ஆபரேஷன் தியேட்டர், ஆய்வுக்கூடம் போன்ற இடத்துக்கு அது நியாயமான சாமான். நம் வீட்டு ஹாலுக்கு எதற்கு? அறையைக் காலி செய்து சுத்தம் பண்ணி முடித்து, அப்புறம் இருமுகிற ஆளே உள்ளே வந்து உட்காரும்போது அது அணைந்துதானே இருக்கும்.

இனி காற்று விஷயம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதன் வரலாறுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வில்லியம் வெல்ஸ் என்று ஒரு அமெரிக்கர். இருமல், தும்மலில் தெறிக்கிற பெரிய துளிதான் கீழே விழுகிறது, சின்னத் துளி விழுவதற்குள்ளாகவே காய்ந்துவிடும், காய்ந்து மிஞ்சுகிற துகள் காற்றிலேயே நெடுநேரம் மிதக்கும் என்று 1930-களில் கணக்குப் போட்டுச் சொன்னார். மிதப்பது உண்மை என்றால் மிதக்கிற இடத்திலேயே அதைக் கொல்லலாமே என்பது அவருடைய அடுத்த யோசனை. ஆனால் யூவி-சி மனிதர் மேல் படக்கூடாது. அதனால் விளக்கைத் தலைக்கு மேலே மாட்டி, வெளிச்சம் கீழே இறங்காதபடி தகடு வைத்து மறைத்து, அறையின் மேல்பகுதியை மட்டும் கிருமிக்கு ஆகாத இடமாக ஆக்கிவிட்டார். நாம் விடும் மூச்சு சூடானது, மேலே போகும், அங்கே ஒளி பட்டுச் சுத்தமாகித் திரும்ப இறங்கும். யாரும் எழுந்து வெளியே போகவேண்டியதில்லை. இவ்வளவுதான் தந்திரம், மேல்-அறை யூவி என்று இதற்குப் பேர்.

பிலடெல்பியா பக்கத்துப் பள்ளிகளில் இப்படி மாட்டிப் பார்த்தார்கள். 1941-ல் பெரிய தட்டம்மை அலை வந்தபோது விளக்கு இருந்த வகுப்புகளில் மற்ற வகுப்புகளைவிட மிகக் குறைவான பிள்ளைகளுக்கே அம்மை வந்தது. சரி, ஜெயித்தாயிற்று என்று வேறு ஊர்களில் போட்டுப் பார்த்தால், அங்கே முடிவு அவ்வளவு தெளிவாக வரவில்லை. காரணம் பள்ளிக்கூட பஸ். வகுப்பில் விளக்கு இருக்கிறது, ஆனால் அதே பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் ஒரே பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்து போகிறார்கள், அதில் விளக்கு இல்லை. நம் ஊர் ஸ்கூல் வேனை நினைத்துக்கொண்டால் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இதை யூவியின் தோல்வியாக அப்போது சிலர் எடுத்துக்கொண்டார்கள், என்னைக் கேட்டால் பஸ்ஸுக்கும் சேர்த்து யோசிக்காததன் விளைவு.

1957-58-ல் ஆசியக் காய்ச்சல் என்ற ஃப்ளூ உலகத்தைச் சுற்றியது. இந்தியாவுக்குள் அது 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பல் வழியாக நுழைந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு சிங்கப்பூர், பினாங்கு, கப்பல் என்றாலே ரஜூலா என்ற கப்பல்தான், கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போனவர்கள் வந்து போன பாதை அது, கூடவே காய்ச்சலும் வந்திருக்கிறது. அதே சமயத்தில் கலிபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு கட்டடத்தில் மட்டும் மேல்-அறை யூவி இருந்தது. அங்கே இருந்த நோயாளிகளில் 2 சதவீதம் பேருக்குக் காய்ச்சல் தொற்றியது, விளக்கு இல்லாத கட்டடத்தில் 19 சதவீதம். இந்த வித்தியாசத்தை முதலில் படித்தபோது நான் அச்சுப்பிழையோ என்று திரும்பப் படித்தேன்.

காசநோய்க்கு ரிச்சர்ட் ரைலி செய்தது இன்னும் சுவாரசியம். அவர் வெல்ஸிடம் படித்தவர். பால்டிமோரில் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுபோய் மேலே கூண்டில் இருந்த கினிப்பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார். சும்மா காற்று போன கூண்டில் பன்றிகளுக்குக் காசம் வந்தது. குழாயில் யூவி விளக்கு வைத்து அனுப்பிய கூண்டில் ஒன்றுக்கும் வரவில்லை. காசநோய் காற்றில்தான் பரவுகிறது என்பதற்கே இந்தச் சோதனைதான் பெரிய ஆதாரமாக நின்றது. பின்னால் பெரு நாட்டின் லிமாவில் இதே மாதிரி செய்து 2009-ல் வெளியிட்டார்கள், அங்கே கூண்டுக்குள் 35 சதவீதம் தொற்று இருந்தது யூவியோடு 9.5 ஆனது. தென்னாப்பிரிக்காவில் 2015-ல் வெளிவந்த ஆய்வில் சுமார் 80 சதவீதம் குறைந்தது.

இவ்வளவு இருந்தும் நடுவில் ஏன் மறந்தோம்? மாத்திரை வந்தது, தடுப்பூசி வந்தது, காற்றைப் பற்றிய கவலை போய்விட்டது. 2020-ல் திரும்ப ஞாபகம் வந்தபோது முதலில் சந்தைக்கு வந்தது பெட்டி.

இப்போது செட்டிநாட்டுக்கு வருகிறேன். எங்கள் ஊர் பழைய வீடுகளுக்கு யூவி விளக்கே தேவையில்லை, கட்டியவர்கள் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். முகப்பில் நின்று பார்த்தால் வளவு என்று நாங்கள் சொல்லும் முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு தாண்டிப் பின்தெருக் கதவு வரைக்கும் ஒரே நேர்கோட்டில் தெரியும். வாசல் அத்தனையும் நேருக்கு நேர். நடுவில் வானம் பார்த்த முற்றம். முன்கதவும் பின்கதவும் திறந்தால் காற்று உள்ளே தங்காது. முற்றத்தில் வற்றல் காயும், மெத்தை காயும், உச்சி வெயில் கல்தரையில் விழும். வெயிலில் சி ரகம் இல்லைதான், ஆனால் அதில் இருக்கும் பி ரகமும் கிருமியைக் கொல்லும், என்ன, கொஞ்சம் நிதானமாக.

ஆனால் போன சில வருடங்களாக என்ன நடக்கிறது என்றால், முற்றத்து மேல் பாலிகார்பனேட் ஷீட் போடுகிறார்கள். மழை வராது, குரங்கு வராது, புறா எச்சம் விழாது, வெளிச்சம் மட்டும் வரும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஷீட் பி ரகத்தை உள்ளே விடாது. கண்ணாடி போட்டாலும் அநேகமாக அதே கதை. கண்ணுக்கு வெளிச்சம் இருக்கிறது, கிருமிக்கு ஆகாத பகுதி மட்டும் மேலேயே நின்றுவிடுகிறது. மேலே போகவேண்டிய சூட்டுக்காற்றும் ஷீட்டுக்குக் கீழே தேங்கி நிற்கிறது. வீடு கொதிக்கிறது என்று அடுத்து ஏசி வருகிறது, ஏசி வந்ததும் கதவையெல்லாம் சாத்துகிறார்கள், இரட்டைக் கதவின் இடுக்கில் துணி கூடச் செருகுகிறார்கள். நூறு வருடமாகக் காற்று ஓடிய வீடு இப்படித்தான் புட்டியாகிறது. ஷீட் போட்டே ஆகவேண்டும் என்றால் சுவருக்கு மேல் ஒரு முழம் தூக்கி, நாலு பக்கமும் வலை அடித்துக் காற்றுப் போக வழி விடுங்கள் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

ஏசி பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. வெளியே இருக்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஓடுவது கேஸ், காற்று இல்லை. அறையில் இருக்கிற அதே காற்றைத்தான் உறிஞ்சிக் குளிர வைத்துத் திரும்ப விடுகிறது. படித்தவர்கள் வீட்டிலும் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். முப்பது பேர் உட்கார்ந்த ஏசி அறையில் ஒருவருக்குச் சளி என்றால் மீதி இருபத்தொன்பது பேரும் அவருடைய மூச்சைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

கல்யாண சீசனில் இதுதான் நடக்கிறது. சென்னையிலிருந்து, கோலாலம்பூரிலிருந்து எல்லோரும் வந்து இறங்குகிறார்கள், முறை செய்துகொள்ள நெருங்கி நிற்கிறார்கள், ஏசி ஹாலில் பந்தி. ஒரு வாரம் கழித்து ஊரே இருமுகிறது, "தண்ணி மாறினதால" என்று ஒரு காரணமும் சொல்லிக்கொள்கிறோம்.

என் சித்தப்பா ஒரு சின்ன ஏசி ஹால் வாடகைக்கு விடுகிறார். அவர் கேட்டார்: "ஏம்ப்பா, அந்த ஊதா லைட்டை நாலு மூலையிலயும் மாட்டிவிட்டா சரியாப் போயிடுமா?"

"மூலையில தொங்கவிட்டா சாப்பிடுறவங்க கண்ணு போயிடும் சித்தப்பா. முதல்ல ரெண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்க. ஜன்னலை ஏன் ஆணி அடிச்சு வச்சிருக்கீங்க?"

"கரண்டு பில்லு யார் கட்டுறது?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சித்திரை மாதத்துக் காரைக்குடி வெயிலில் ஜன்னலைத் திறந்துபோட்டு ஏசி ஓட்டு என்றால் யார் கேட்பார்கள்? யூவி இடம் பிடிப்பது இங்கேதான். வெளிக்காற்றை இழுத்தால் குளிர்ச்சி போகும், யூவி போட்டால் குளிர்ச்சி அப்படியே இருக்கும், கிருமி மட்டும் குறையும். ஒழுங்காகப் போட்ட மேல்-அறை யூவி, அறைக் காற்றை மணிக்குப் பத்துத் தடவைக்கு மேல் மாற்றியதற்குச் சமமான வேலையைச் செய்யும், கிருமி விஷயத்தில் மட்டும். மூச்சில் சேரும் கார்பன் டை ஆக்சைடு, சமையல் புகை, ஊதுபத்தி, இதையெல்லாம் அது தொடாது. தலை கனக்கிறது என்றால் அதற்கு வெளிக்காற்று வந்தே ஆகவேண்டும்.

நான் நிஜமாகவே இந்த வேலையைச் செய்தது ஒரு கிளினிக்கில். பெண் டாக்டர், குழந்தைகளுக்குப் பார்ப்பவர். காத்திருக்கும் அறை ஏசி, இருமுகிற குழந்தையும் தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தையும் ஒரே பெஞ்சில். "தம்பி, ஜன்னலைத் திறந்தா ரோட்டுத் தூசி, சாத்துனா இந்தக் கதை. என்ன செய்யலாம்னு சொல்லுங்க" என்றார். அங்கே பார்த்த விஷயங்களைச் சொன்னால் வேறு யாருக்காவது உதவும்.

முதலில் உயரம். ஃபிட்டிங்கின் அடிப்பாகம் தரையிலிருந்து குறைந்தது 7 அடி இருக்கவேண்டும், அதற்கு மேலும் கூரை வரை இடம் வேண்டும், ஆக 8 அடிக்குக் கீழே கூரை என்றால் இந்த வேலையையே தொடக்கூடாது. ஃபால்ஸ் சீலிங் போட்டுக் கூரையை இறக்கி வைத்திருக்கும் புதுக்கடைகள் பலவும் இதில் அடிபடும். பழைய வீட்டை கிளினிக்காக மாற்றியிருந்தால் யோகம், அந்த உயரத்துக்கு விளக்கு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அடுத்தது எத்தனை விளக்கு. கரண்டு வாட்டை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. நான் சொன்ன தென்னாப்பிரிக்க ஆய்வு கொடுத்த கணக்கு: அறையின் ஒரு கன மீட்டருக்கு, ஃபிட்டிங்கைத் தாண்டி வெளியே வரும் யூவி 15 முதல் 20 மில்லிவாட். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 60 கன மீட்டர், ஆக ஒரு வாட்டை ஒட்டி. ஒரு வாட்டா, 30 வாட் ட்யூபே பதினோரு வாட் யூவி தருமே என்று கேட்கலாம். தரும், ஆனால் வெளிச்சம் கீழே சிந்தாமல் இருக்க அடுக்கடுக்காகக் கறுப்புத் தகடு வைத்த ஃபிட்டிங்கில் அதில் பெரும்பகுதி உள்ளேயே செத்துப்போகும். அதனால் விற்பவரிடம் "வாட் எவ்வளவு" என்று கேட்காமல் "வெளியே வருகிற யூவி எவ்வளவு" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்கவேண்டாம்.

அப்புறம் சீலிங் ஃபேன். காற்று மேலும் கீழும் கலக்காவிட்டால் மேலே இருக்கும் காற்றையே விளக்கு திரும்பத் திரும்பச் சுத்தம் செய்துகொண்டிருக்கும், கீழே இருமல் அப்படியே நிற்கும். ஏசி போட்டால் ஃபேனை அணைப்பது நம் வழக்கம், இங்கே மெதுவாகவாவது ஓடவேண்டும். டாக்டரம்மா ஃபேன் ரெகுலேட்டரை இரண்டில் வைத்து, அணைக்க முடியாதபடி சுவிட்சையே எடுத்துவிடச் சொன்னார். கெட்டிக்காரர்.

மாட்டியபின் மீட்டர் வைத்து அளந்தே ஆகவேண்டும், இதில் சமரசம் கிடையாது. 254-ஐ அளக்கும் மீட்டர், நின்ற கண் உயரத்தில், அறையின் பல இடங்களில். கூரையில் பளபளப்பான அலுமினியத் தகடோ எஃகோ இருந்தால் ஒளி அதில் பட்டுக் கீழே வரும், அலுமினியம் யூவியை நன்றாகத் திருப்பி அடிக்கும். சாதாரண வெள்ளைப் பெயிண்ட் கண்ணுக்கு வெள்ளையாக இருந்தாலும் யூவி-சியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும், அது இங்கே நல்லது.

ஏன் இவ்வளவு பயம் என்றால், மறைப்பு இல்லாத 30 வாட் ட்யூப் ஒன்று ஒரு மீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 மைக்ரோவாட் அடிக்கும். எட்டு மணி நேரத்துக்கு மனிதர் மேல் படலாம் என்று நெடுங்காலமாக வைத்திருந்த வரம்பு சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிஜூல். வகுத்துப் பாருங்கள், ஒரே நிமிடத்தில் ஒரு நாள் கோட்டா முடிந்தது. வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்போது ஒன்றும் தெரியாது, ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்டது மாதிரி எரியும். அதே எரிச்சல்தான் இதிலும். அநேகமாக ஓரிரு நாளில் சரியாகிவிடும், ஆனால் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் அதை யாரும் அனுபவிக்கக்கூடாது. கையைச் சுத்தம் செய்ய யூவி விளக்கைப் பயன்படுத்தாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொன்னது. அப்படியும் கையை நீட்டியவர்கள் இருந்தார்கள்.

விளக்கின் ஆயுள் இன்னொரு சங்கதி. சாதாரண பாதரச யூவி ட்யூபுக்கு 9,000 மணி நேரம் என்று போட்டிருக்கும், விடாமல் எரிந்தால் ஒரு வருடம் சொச்சம். அதற்கப்புறமும் நீலமாக எரிந்துகொண்டுதான் இருக்கும், யூவி மட்டும் குறைந்துபோயிருக்கும். எரிகிறதே என்று விட்டுவைப்பவர்கள் அதிகம், ஆர்ஓ மிஷினிலும் இதே கதைதான். தூசி படிந்தாலும் அதே விளைவு. எங்கள் ஊர் செம்மண் தூசிக்கு மாதம் ஒருமுறை அணைத்து, ஆறவிட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். மாற்றிய ட்யூபைக் குப்பைத்தொட்டியில் உடைத்துப் போடக்கூடாது, உள்ளே பாதரசம் இருக்கிறது.

இன்னொரு ஆபத்து, ஓசோன் வருகிற விளக்கு. சில குவார்ட்ஸ் விளக்குகள் 254-ஓடு 185 நானோமீட்டரையும் வெளியே விடும். அது காற்றில் இருக்கும் ஆக்சிஜனை ஓசோனாக்கும். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டில், திருவிழாவுக்குத் திறக்கும்போது வௌவால் நாற்றம் போகவேண்டும் என்று ஆச்சி ஒருவர் இந்த ரகத்தை இணையத்தில் வாங்கி வைத்திருந்தார். போட்டதும் சுள்ளென்று ஒரு வாசம் வரும். "பாரு தம்பி, எப்படிச் சுத்தமா மணக்குது" என்றார். அந்த வாசம் சுத்தத்தின் வாசம் இல்லை ஆச்சி, நெஞ்சைப் புண்ணாக்குகிற கேஸ், ஆஸ்துமா இருக்கிற பேரப்பிள்ளை வரும் வீடு இது என்று சொல்லி அணைக்க வைத்தேன். பூஞ்சை வித்துகள் வைரஸ் அளவுக்கு எளிதில் மசியாது, அதற்கு எவ்வளவோ மடங்கு அதிகம் வேண்டும். பூட்டிய வீட்டு நாற்றத்துக்குக் கதவைத் திறந்துபோட்டு, ஈரம் எங்கே இறங்குகிறது என்று ஓட்டுக்கூரையைப் பார்ப்பதுதான் வைத்தியம். தேக்கு மரத்துக்கும் பழைய சாயத்துக்கும்கூட இந்த ஒளி ஆகாது, சுவரில் மாட்டிய பழைய படங்கள் வெளுக்கும், பிளாஸ்டிக் நொறுங்கும், வயர் மேல் உறையும் உரியும்.

பெரிய ஏசி, டக்ட் போட்ட கட்டடம் என்றால் விளக்கைக் குழாய்க்குள்ளேயே வைத்துவிடலாம், ஆள் மேல் படுகிற பேச்சே இல்லை. சண்டிகரில் இருக்கும் சிஎஸ்ஐஓ என்ற அறிவியல் கருவி ஆய்வகம் இப்படி ஒன்றை வடிவமைத்து, நாடாளுமன்ற மைய மண்டபத்தில் கூட மாட்டினார்கள். காரைக்குடியில் இருக்கும் நம்ம சிக்ரி மின்வேதியியல் ஆய்வகம் மாதிரி அதுவும் மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் குடும்பத்து ஆய்வகம்தான். காரைக்குடியில் டக்ட் ஏசி இருக்கிற மண்டபங்களுக்கு இது பொருந்தும், ஸ்ப்ளிட் ஏசி வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தாது.

222 நானோமீட்டர் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். கிரிப்டானும் குளோரினும் வைத்த விளக்கு அது. அந்த அலைநீளம் தோலின் மேல் இருக்கும் செத்த அடுக்கையும் கண்ணீர்ப் படலத்தையும் தாண்டி அதிகம் உள்ளே போகாது, அதனால் ஆட்கள் இருக்கும்போதே கீழ்நோக்கி அடிக்கலாம் என்பது அதன் வசதி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் பிரென்னர் குழு 2020-ல் காட்டியபடி, மனிதருக்கு அனுமதித்த அளவுக்குள்ளேயே காற்றில் இருக்கும் கொரோனா வகை வைரஸ்களில் 99.9 சதவீதம் சுமார் 25 நிமிடத்தில் போய்விடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவும் கொஞ்சம் ஓசோன் உண்டாக்கும், காற்றோட்டமே இல்லாத அறையில் அது சேரும், விலையும் அதிகம், 222 என்று அட்டையில் எழுதி வேறெதையோ விற்பவர்களும் வருவார்கள். கூரை தாழ்ந்த இடத்துக்கு இது ஒரு வழியாக வரலாம். எல்இடி யூவி-சியும் வந்திருக்கிறது, பாதரசம் இல்லை என்பது அதன் பெரிய நன்மை, ஆனால் கரண்டில் எவ்வளவு யூவியாக மாறுகிறது என்று பார்த்தால் பழைய ட்யூபுக்குக் கிட்டே இன்னும் வரவில்லை. தண்ணீர் மிஷினுக்குச் சரி, ஹாலுக்குப் போதாது.

சித்தப்பா ஹாலுக்கு இப்போதைக்கு இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேனும், ஆணியடித்த ஜன்னலில் பாதியைத் திறப்பதும் என்று பேசி முடித்திருக்கிறோம். கூரை 11 அடி இருக்கிறது, அதனால் மேல்-அறை ஃபிட்டிங்குக்கு விலை கேட்டிருக்கிறேன். வரட்டும், அவருடைய கரண்டு பில் கணக்கையும் சேர்த்து வைத்துக்கொண்டு பேசலாம்.